வாயாடிக்கு வந்த மாத்திரை

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே அனுப்பினாரா, நானே ஓடி வந்தேனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. படிப்புதான் இல்லை, வாய் இருந்தது. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யார் வீட்டுக் கல்யாண டின்னர் என்றாலும் மைக் என் கையில்தான். மாப்பிள்ளையை நான் கிண்டலடித்து முடிக்கும்வரை சனம் சோற்றில் கை வைக்காது.

நாற்பத்தெட்டு வயதில் காக்காய்வலிப்பு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு நின்றது, கூடவே வாயும் நின்றது. உப்பு என்று சொல்ல வராமல் ‘அந்த வெள்ளை’ என்பேன். மனைவி சீனியைத் தருவாள். நானும் மீன் குழம்பில் போட்டுச் சாப்பிடுவேன். யாராவது என்னைக் கேலி செய்தால், அதற்கான பதில் மறுநாள் தேயிலை வெட்டும்போது வரும். கேட்க ஆள் இருக்காது.

டாக்டரிடம் சொன்னேன். சிலருக்கு இந்த மாத்திரையால் யோசனை மந்தமாகும், மெல்ல வேறொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம், அதுவரை நிறுத்தவே கூடாது என்றார்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பெற்ற மகள் டின்னரில் அப்பன் ஊமையாக உட்காருவதா? யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன்.

சில நாளில் வாய் திரும்பியது. அடுப்படியில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மறுநாள் காலை அவள் தேத்தண்ணிக்கு வெந்நீர் ஊற்றும்போது வலிப்பு வந்து அவள் மேலேயே விழுந்தேன். கண் திறந்தபோது அவள் கை முழங்கைவரை கொப்பளித்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் ஸ்வெட்டர் பையைக் கவிழ்த்தாள். விழுங்காத மாத்திரைகள் தரையில் உருண்டன.

“சிரிக்க வைங்கன்னு நான் கேட்டனா?” என்றாள்.

அன்றைக்கே மறுபடி விழுங்க ஆரம்பித்தேன்.

டின்னருக்குக் கோலா தெர்லா ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பழக்கத்தில் மைக்கை என்னிடமே நீட்டினார்கள். மகள் பிறந்ததைப் பதியப் போன கதையை ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. மண்டபம் காத்திருந்தது. சிலர் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மனைவி எழுந்து வந்து கட்டுப் போட்ட கையால் மைக்கை வாங்கினாள். வாழ்நாளில் ஒரு ஜோக் சொன்னவள் இல்லை. ஜெபம் சொல்லும் குரலிலேயே சொன்னாள்:

“ஆபீஸ்ல புள்ள பொறந்த தேதிய கேட்டாங்க. இவரு தன்னோட தேதியச் சொல்லிட்டு வந்துட்டாரு. மாப்பிள, கடுதாசிப்படி பாத்தா நீங்க கட்டியிருக்கிறது ஒரு கெழவியதான்லா.”

மண்டபம் அதிர்ந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கதை எனக்கே விளங்கக் கொஞ்ச நேரமானது. எல்லோரும் அடங்கிய பிறகு நான் மட்டும் சிரித்தேன். அதுவும் என் குறும்பு என்று நினைத்து இன்னொரு தடவை சிரித்தார்கள்.

மேடையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த மகள் மட்டும் இந்தத் தடவை சிரிக்காமல் தலை குனிந்துகொண்டாள்.