கரி பஸ்ஸில் தூங்கவிடாத கண்டக்டர்

இன்று மயிலாப்பூரிலிருந்து மாம்பலத்துக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து வரும் கேஸில் ஓடும் கரி பஸ்ஸில் போனேன். நல்ல மழை. கடைசி சீட்டில் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

கண்டக்டர் படுதாவைச் சுருட்டிவிட்டுச் சீட்டைத் தட்டினார். "தூங்காதேம்மா."

"நனைகிறதே."

"நனைஞ்சா காஞ்சிடும்."

மறுபடி கண்ணை மூடினேன். மறுபடி தட்டினார்.

"டிக்கெட் வாங்கியும் தூங்கக் கூடாதா?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "பின்னாடி கரி அடுப்பு கீது. கேஸ் கசிஞ்சா வாசனை வராது, தூக்கந்தான் வரும். போன மழைக்கு என் தம்பி இதே சீட்டுல தூங்கிக்கினு வந்தான். அலுப்பா கீறான்னு நான்தான் எழுப்பாம வுட்டேன். அப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்ல."

இறங்கும்வரை நனைந்தபடி விழித்திருந்தேன்.

உங்களை எழுப்பியவரை நீங்கள் என்ன சொல்லித் திட்டினீர்கள்? நான் சொன்னதை மேலே எழுதிவிட்டேன்.