மாமனார் கட்டிய மண்டபம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம். அதன் சிங்கத் தூணில் தார்ப்பாயைக் கட்டி, ஓர் அம்மாள் வடை சுடுகிறாள். கல்லூரியில் வரலாறு நடத்திய என் வாய் சும்மா இருப்பதில்லை.

"பல்லவர் காலத்துத் தூணும்மா இது. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன்.

அவள் பதறுகிறாள். "மெள்ள பேசு நைனா! பழசுன்னு தெரிஞ்சா வேலி போட்டு போர்டு நட்டுருவாங்கோ. எம் பொயப்பே இங்கதான் கீது."

தப்புச் செய்துவிட்டேன். "ஐந்நூறு இருக்கலாம்" என்று இறங்குகிறேன்.

"இன்னும் கம்மி பண்ணு."

"இருநூறு. வெள்ளைக்காரன் காலம்."

"அவன் கட்னா மட்டும் உட்ருவாங்களா? எம் மாமனாரு கட்னதுன்னு சொல்லு."

அதற்குள் கேமராவோடு இரண்டு பேர் வந்து தூணைத் தடவுகிறார்கள். "எந்தக் காலம் சார் இது?" என்று என்னிடமே கேட்கிறார்கள். அம்மாள் கரண்டியைத் தூக்கியபடி என்னையே பார்க்கிறாள்.

"இந்தம்மாவோட மாமனார் கட்டினது."

"அப்ப சிங்கம்?"

"அவருக்குச் சிங்கம்னா ரொம்பப் பிடிக்கும்."

அவர்கள் கேமராவை மூடிக்கொண்டு போகிறார்கள். ஒரு நூற்றாண்டு பிசகினாலே மாணவர்களின் மதிப்பெண்ணை வெட்டியவன் நான். வெட்கத்தோடு ஒரு வடையை எடுத்துக் கடிக்கிறேன்.

அம்மாள் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். "எம் மாமனாரு மேஸ்திரின்னுதான் பேரு நைனா. அந்தாளு கட்ன செவுரு ஒண்ணுகூட மய தாங்குனதில்ல. இன்னிக்கித்தான் உருப்படியா ஒண்ணு கட்டிகிறாரு!"