கோடு போட்ட தாளில் என் அப்பா

"அங்கன கொண்டுபோய் விட்டா, உம் மக உம் மகளாவா திரும்பி வருவா?"

தேனிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு எனக்கு இலவச இடம் கிடைத்தபோது, தாய்மாமா என் அப்பாவிடம் கேட்டது இது. அப்பா கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச மகளா வருவா மாப்ள. அது போதும்" என்று சொல்லிவிட்டு, அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

விடுதியில் காலையும் மாலையும் ஜெபம். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனால் கண்ணை மூடாமல் நிற்கிற பிள்ளைக்காக, மற்ற எல்லோரும் அவள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். ஐம்பது பேர் தன் பெயரைச் சொல்லி அழுதால் எந்தப் பிள்ளைதான் கண்ணை மூடாது? இரண்டாம் நாளே நானும் மூடிவிட்டேன்.

விடுதிக் காப்பாளரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். போடிக் கடைவீதிக்காரர். ஏழாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோது, ஒன்பது நாளும் அவர்தான் கஞ்சி ஊட்டினார். தலையில் கைவைத்து ஜெபித்தார். பாய்க்கு அடியில் வேப்பிலையும் பரப்பினார்.

"உங்கம்மா போன்ல கேட்டாகடி. அவுக மனசு ஆறணும்ல" என்றார்.

பத்தாம் வகுப்பில் ஆண்டுக் கூடுகை வந்தது. பள்ளிக்கு உதவுகிற பெரியவர்கள் எல்லாம் வருவார்கள். ஒரு பிள்ளை மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும்: இங்கு வருமுன் எப்படி இருந்தாள், கடவுள் அவளை எப்படி மாற்றினார் என்று. பேச்சில் நான் கெட்டிக்காரி என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்கா கோடு போட்ட தாளில் எழுதித் தந்தார். முதல் வரியே, 'என் தகப்பன் குடிகாரர். எங்கள் வீடு இருளில் கிடந்தது' என்று இருந்தது.

"அக்கா, எங்கப்பா குடிக்கவே மாட்டாக."

"தெரியும்டி தங்கம். போன வருசம் பேசுனவ அப்பாவுந்தான் குடிக்க மாட்டாக. கேக்குறவுக மனசு உருகணும்ல? பதினொண்ணாம் வகுப்பு எலவச இடம் யாருக்குன்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாக. வாய மூடிட்டு மனப்பாடம் பண்ணு."

செய்தேன். எனக்குப் படிப்பு வேண்டும்.

கூடுகை அன்று அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையோடு அப்பா மூன்றாவது வரிசையில், மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 'என் தகப்பன்' என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்ததை அதோடு விட்டுவிட்டேன்.

"என் தகப்பன் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். குடிப்பதில்லை. என்னைப் படிக்க அனுப்பியது அவர். இங்கே அம்மை போட்டபோது எங்கள் அக்கா எனக்குக் கஞ்சி ஊட்டினார். இதெல்லாம் நான் கண்ணால் கண்டது."

அவ்வளவுதான் சொன்னேன். சாட்சி முடிந்தால் 'ஸ்தோத்திரம்' சொல்வது அங்கே வழக்கம், ஒருவரும் சொல்லவில்லை. அந்த அமைதியில் அப்பா மட்டும் எழுந்து நின்று படபடவென்று கைதட்டினார். கீழே இறங்கியதும் கேட்டார்:

"ஆத்தா, மொதப் பரிசா, ரெண்டாவதா?"

பேச்சுப் போட்டி என்று நினைத்திருக்கிறார். "மொதப் பரிசுதேன்" என்றேன்.

பதினொன்றாம் வகுப்பு இடம் வேறொருத்திக்குப் போனது. அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சீப்போடு வந்து, "பேச்சுக்காரி, தலையக் காட்டு" என்று வழக்கத்தைவிடப் பலமாக இழுத்துப் பின்னிவிட்டார். தேர்வு முடிவு வந்ததும் அவரே என்னைப் பேருந்தில் சின்னமனூருக்கு அழைத்துப்போய், அரசுப் பள்ளியில் விண்ணப்பம் நிரப்பினார். மதம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் கையாலேயே 'இந்து' என்று எழுதினார். அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் பிடிக்கும்.

இப்போது நான் வேறொரு விடுதிப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இங்கே சாமி வேறு. ஆனால் ஆண்டுவிழாவில், 'இங்கு வந்துதான் திருந்தினேன்' என்று ஒரு பிள்ளை பேசுகிற வழக்கம் இங்கேயும் இருக்கிறது. இந்த ஆண்டு அதை எழுதித் தரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பேச வேண்டியவள் மார்க்கையன்கோட்டைப் பெண். அவள் வீட்டார் ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர்கள்.

நான் எழுதவில்லை. அந்தப் பேச்சை விழாவிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, நேற்றுக் காலை முதல்வரின் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.