ஒரே ஆட்டத்தில் ஆறு முறை தோற்ற என் போன்

அன்று என் விசைத்தறிக் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் அக்கா வீட்டுக்காரரான பாவா, எதிர் டீக்கடைக்காரர். பராமரிப்பு வேலைக்காகச் சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது. தறி சும்மா நின்றது.

என் போனில் ஒரு செஸ் புரோகிராம், பாவா போனில் வேறொன்று. எது கெட்டிக்காரன் என்று பார்க்க இரண்டையும் மோதவிட்டோம். அது நகர்த்துவதை இதிலும், இது நகர்த்துவதை அதிலும் நாங்கள் கையால் வைக்க வேண்டும். ஆட்டத்துக்கு நூறு ரூபாய். டீக்கடைக்காரர் நடுவர்.

என்னிடம் இருந்தது தறி மோட்டாருக்கு பெல்ட் வாங்க வைத்திருந்த அறுநூறு. பாவா தப்பான கட்டத்தில் வைத்துவிடுவாரோ என்று என் கண் அவர் விரலைவிட்டு அகலவில்லை. ஒவ்வொரு நகர்த்தலையும் நூல் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதினேன். எட்டாவதோடு நின்ற படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் முதலில் நகர்த்தும் வெள்ளைக் காய் பாவாவுக்கு; ஜெயித்ததும் அவரே.

"கேரம்ல ஜெயிச்சவன்தான முதல்ல அடிப்பான்? அடுத்ததுலயும் வெள்ளை எனக்கே," என்றார் பாவா.

"ஆங், அதான் ரூல்ஸு," என்றார் நடுவர்.

அப்படியே ஆறு ஆட்டமும் பாவாவுக்கே போயின.

"உன் போன் மூளைய எங்கனா அடமானம் வச்சிட்டியா மச்சான்?"

வயிற்றெரிச்சலோடு நோட்டைப் புரட்டினேன். ஆறு ஆட்டமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஆறு முறையும் என் ராஜா அதே மூலையில், அதே குதிரையிடம் மாட்டியிருந்தார்.

"பாவா, இது ஆறு ஆட்டமே இல்லீங்க! தறியில ஒரே டிசைன் அட்டை சுத்திக்கினு இருக்கிற மாதிரி, ஒரே ஆட்டம் ஆறு வாட்டி ஓடியிருக்கு. இத்த வச்சி எது பெருசுன்னு எப்படிங்க சொல்றது? ஒண்ணுன்னுதான் கணக்கு."

பாவா நோட்டை வாங்கி ஒவ்வொரு ஆட்டமாக விரல் வைத்து ஒத்துப்பார்த்தார். பெல்ட் பிழைத்தது என்று நினைத்தேன்.

"செரி. ஒரே டிசைன்ல ஆறு புடவை நெய்யற. எத்தினி புடவைக்குக் கூலி கேப்ப?"

"ஆறுக்கு," என்றேன், பழக்கத்தில்.

டீக்கடைக்காரர் எழுந்து வேட்டியை உதறினார். "தீர்ப்ப நீயே சொல்லிட்டப்பா. எனக்குக் கடையில வேலை கீது."

என் கணக்குப்படி நூறு ரூபாயை மட்டும் கொடுத்துவிட்டு, மறுநாளே மீதி ஐந்நூறில் பேரம் பேசி பெல்ட் வாங்கி மாட்டிவிட்டேன். எந்தப் புரோகிராம் பெரிது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. பாவாவுக்குத் தெரிந்ததெல்லாம், நான் இன்னும் தர வேண்டியது ஐந்நூறு ரூபாய்.