கரும்பாலனின் ஆறாவது சாவு

ஈப்போ நகரின் புந்தோங்கில், சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தோசைக்குக் காத்திருந்தார் பத்துமலை. அடுத்த மேசையிலிருந்த ஒரு சின்னப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் நிமிர்ந்து, புருவத்தைத் தாழ்த்தி, வாயை இறுக்கி ஒரு பார்வை பார்த்தார். ஒரு காலத்தில் அந்தப் பார்வைக்குப் பிள்ளைகள் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். இவள் கைகொட்டிச் சிரித்தாள்.

"அம்மா, டான்ஸ் ஆடுற தாத்தா!"

கடையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தோசை வந்தது. பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கரும்பாலன் செத்தாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

பத்துமலைக்கு வயது அறுபத்து மூன்று. பிறந்தது மலேசியாவின் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தபோது ஈப்போவுக்குக் குடிவந்தார். அது முதல் கிலாங் பஸ் ஓட்டுகிறார். தொழிற்சாலை ஆட்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் வீட்டருகே இறக்கிவிடும் வேலை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கோகிலன், 2011இல் சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுக்கக் கிளம்பி, ஒரு காட்சிக்கு அந்த பஸ்ஸை இரவல் கேட்டு வந்தான். இறங்கி நடந்துவந்த டிரைவரைப் பார்த்ததும் பஸ்ஸை மறந்துவிட்டான்.

அந்தப் படத்தின் நாயகன் ஈயவீரன். ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய ஈயலம்பத்துக் குட்டையில் விழுந்து, எதுவும் துளைக்காத உடம்போடு எழுந்தவன். அவனுக்கு எதிரி கரும்பாலன். லயத்தை இடிக்க விடமாட்டேன் என்று வாசலில் நின்ற பால்வெட்டுக்காரன். கெட்டுக் கறுத்த ரப்பர் பால் நிறைந்த தொட்டியில் தள்ளப்பட்டு, அதே கறுப்போடு ஊரைப் பழிவாங்க வந்தவன். அந்தக் கரும்பாலன்தான் பத்துமலை.

முதல் படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. தோளில் கம்பு, கம்பின் இரு நுனியிலும் பால் வாளி. தெருவில் நடந்து வருவார், ஒரு வீட்டு வாசலில் வாளியை இறக்கி வைப்பார். மறுநாள் அந்த வீட்டில் ஆள் இருக்காது. அவ்வளவுதான். நடிக்கத் தெரியாத பத்துமலை, தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாளில் எப்படி நடந்தாரோ அப்படி நடந்தார். வாளி தரையைத் தொடும் சத்தத்துக்கு அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. படம் வந்த பிறகு கோயிலில் பண்டாரம் ஓரடி தள்ளி நின்று அவர் கையில் திருநீறு போட்டார். பஸ்ஸில் எவனும் தாமதமாக வந்து ஏறவில்லை. ஊர் அவரைப் பார்த்துத் தயங்கிய அந்த ஒரு வருஷத்தைப்போல் இன்னொன்று அவர் வாழ்க்கையில் இல்லை.

படத்தின் முடிவில் கரும்பாலன் குட்டையில் விழுந்தான். குமிழிகள் மட்டும் வந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் லூயிஸ் அப்போதே சொல்லிவிட்டார்: "பொணம் மெதக்கல மச்சான். திரும்பி வருவ பாரு."

திரும்பி வந்தார். இரண்டாம் படம் குறை சொல்ல முடியாமல் இருந்தது. மூன்றாவதில் கரும்பாலனுக்கு இரட்டைச் சகோதரன் முளைத்தான். நான்காவதில் நினைவு தப்பி, தெருவில் செண்டோல் ஐஸ் விற்றான். ஐந்தாவதில் வானத்திலிருந்து பெரிய வில்லன் ஒருவன் இறங்கிவிட்டதால், கரும்பாலன் ஈயவீரனோடு கைகோத்து, திருவிழாக் கூட்டத்தில் ஒரு முழுப்பாட்டுக்கு ஆடினான். ஒவ்வொரு முறையும் கடைசியில் நெருப்பிலோ புகையிலோ மறைந்தான். உடல் ஒருபோதும் விழவில்லை.

இதைப்பற்றி லூயிஸோடு அவருக்கு ஓயாத வழக்கு. தொடர் என்றால் பழைய வில்லன் வேண்டும் என்பது லூயிஸின் கட்சி.

"புதுசா ஒருத்தன் வந்தா, அவன் யாரு, எதுக்குக் கோவப்படுறான்னு மொதல்லேர்ந்து கத சொல்லணும். ஒன்னைய எல்லாருக்கும் தெரியும்லா."

"தெரிஞ்சவனப் பாத்து எவன்டா பயப்படுவான்?" என்றார் பத்துமலை.

லூயிஸும் ஐந்தாம் படத்தின் பாட்டுக்குக் கைதட்டியவர்தான்.

ஆறாவது படத்துக்குக் கூப்பிட வந்த கோகிலனிடம், இந்தத் தடவை கரும்பாலன் உடல் விழ வேண்டும், அதை எல்லாரும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நடிக்க முடியாது என்று பத்துமலை சொன்னார். கோகிலன் நெடுநேரம் கெஞ்சினான். ஈயவீரனை மூன்று தடவை ஆள் மாற்றியும் ஒருவரும் கேட்கவில்லை, கரும்பாலனைத்தான் கேட்கிறார்கள் என்றான். பத்துமலை அசையவில்லை. கடைசியில் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். பாட்டு இல்லை, இரட்டையர் இல்லை. வாளி உண்டு, நடை உண்டு. முடிவில் ஈயவீரனே துணி போர்த்துவான்.

அந்தக் காட்சியைத் தாப்பா ஊர்ப் பக்கம், ரப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைக்கூடம் ஒன்றில் எடுத்தார்கள். பத்துமலையின் மனைவி சரளாவும் வந்திருந்தார். போன வருஷம் கணவரின் இதய அடைப்புக்குக் குழாய் வைத்ததிலிருந்து அவரைத் தனியே விடுவதில்லை. கணவர் பிணமாகப் படுக்கப்போகிறார் என்று தெரிந்ததும், நேரே போய் கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"பொணமா நடிக்கிற ஆளு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்துச் சிரிச்சிரணும். இல்லன்னா அந்தச் சாவு ஆளோட ஒட்டிக்கும். நிறுத்திட்டுச் சிரிக்கிறது செல்லாது தம்பி. ஓடுறப்பவே சிரிக்கணும்."

படமெடுப்பவர்கள் எல்லாரும் அறிந்த வழக்கம்தான். கோகிலனும் அதை நம்புகிறவன். சரி அக்கா என்றான்.

பத்துமலை விழுந்தார். வாளி உருண்டது. ஈயவீரன் மண்டியிட்டு, மார்புவரை துணியைப் போர்த்திவிட்டு வெளியே போனான். கேமரா ஓடியது. பத்துமலை கண்ணைத் திறந்தார். கேமராவுக்குப் பின்னால் சரளா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தார்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈப்போவில் திரையிடப்பட்டது. முன்வரிசையில் லூயிஸ், பத்துமலை, சரளா. கரும்பாலன் நடந்துவந்தபோது முதலில் யாரோ விசிலடித்தார்கள். வாளி தரையைத் தொட்டது. விசில் நின்றது. அதன்பின் அரங்கத்தில் ஒரு பொட்டலம் பிரிக்கும் ஓசைகூட இல்லை. முடிவில் துணி மார்பில் விழுந்தபோது பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது. பத்துமலை அந்த அழுகையை முழுதாகக் கேட்டார். லூயிஸ் அவர் முழங்காலில் கைவைத்து, "செத்துட்ட மச்சான்," என்றார். இத்தனை ஆண்டு வழக்கில் அவர் விட்டுக்கொடுத்தது அப்போதுதான்.

பெயர்கள் ஓடி முடிந்தன. மூவரும் எழுந்தார்கள்.

திரை மறுபடியும் வெளிச்சமானது. புகைக்கூடம். துணி போர்த்திய உடல். கரும்பாலன் கண்ணைத் திறந்து, நேரே பார்த்து, சிரித்தான்.

அரங்கம் கூரை அதிர விசிலடித்தது. "தாத்தா சாகல!" என்று ஒரு குழந்தை கத்தியது, அழுத அதே குழந்தைதானோ என்னவோ. கரும்பாலன் ஊரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தச் சிரிப்பு யாருக்கானது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் நின்றபடி அதைப் பார்த்தார்கள்.

வாசலில் கோகிலன் பத்துமலையின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். ஆரம்பத்தில் அப்படி நினைக்கவே இல்லையாம். படத்தை வெட்டி ஒட்டும்போது அந்தச் சிரிப்பு கண்ணில் பட்டதாம். பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஏழாவது எப்போது என்று கேட்டார்களாம்.

"மனசு கேக்கலண்ணே. ஏழுல சத்தியமா முடிச்சிருவோம். தீயில வெச்சே கொளுத்திருவோம்."

பத்துமலை வாயைத் திறப்பதற்குள் சரளா முந்திக்கொண்டார். கணவரின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.

"எப்படி வேணா கொல்லு தம்பி. கடைசியில மட்டும் சிரிக்க வெச்சிரு."

கோகிலன் உடனே தலையாட்டினான். பத்துமலை மனைவியைப் பார்த்தார், கோகிலனைப் பார்த்தார். அதற்குள் நாலைந்து பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு தகப்பன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான்.

அவர் சிரித்தார்.