பதினான்கு கைகள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடம் லென்ஸ் தீட்டியவள் அவள். ஃபிரேமுக்குள் லென்ஸ் போய் உட்காரும் சத்தத்தை வைத்தே சரியா, தப்பா என்று சொல்லிவிடுவாள். கடையில் எல்லாருக்கும் லென்ஸக்கா. ரத்தத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோதுகூட அழவில்லை. "எத்தனை தடவை மருந்து ஏத்தணும்? எப்ப வேலைக்குப் போகலாம்?" என்றுதான் கேட்டாள்.

ஆறு தடவை, மூன்று வாரத்துக்கு ஒன்று என்றார் டாக்டர். கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார். மருந்து ஏற்றியபின் ரத்தத்தில் வெள்ளையணு தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, வீட்டிலிருப்பவரும் கை கழுவாமல் தொடக்கூடாது. சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். கணவர் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ரொம்ப நல்ல மனிதர் என்று பெயர். அதாவது, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

அவர்கள் போய்வந்த பிரார்த்தனைக் குழுவுக்கு ஒழுங்கான நோயாளி ஒருவர் கிடைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விடுவார்களா? தலைவர் அன்றைக்கே முறை போட்டுவிட்டார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட ஒன்றும் கிடைக்காமல் கை நமநமத்துக்கொண்டிருந்தவர். திங்கள் ஏழு பேர், வியாழன் ஏழு பேர். கட்டிலைச் சுற்றி நின்று நோயாளியின் தலைமேல் கைவைத்து வேண்டுவது அந்தக் குழுவின் வழக்கம். ஏழு பேருக்குப் பதினான்கு கை. முடி கொட்டிய தலையோ ஒன்றே ஒன்று. இடம் கிடைக்காதவர்கள் தோளிலும் கன்னத்திலும் வைத்தார்கள். உரக்க வேண்டுவதில் வேறு போட்டி. ஒருவர் ஐந்து நிமிடம் உருகினால் அடுத்தவர் எட்டு நிமிடம் உருகுவார். போகும்போது, "ரொம்ப இளைச்சுட்டே" என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது முறைக்கு முன்னால் காய்ச்சல். மருந்து தள்ளிப்போனது. ஐந்தாவதுக்கு முன்னாலும் அதே கதை. கணவர் தயங்கித் தயங்கித் தலைவரை ஃப்ரிட்ஜ் பக்கம் அழைத்துப்போய்க் காகிதத்தைக் காட்டினார். அவள் தீட்டிய லென்ஸ் வழியாகவே அவர் அதை நிதானமாகப் படித்தார்.

"இது வெளியாளுங்களுக்கு எழுதினது தம்பி. நாம குடும்பம். சுத்தமான மனசோட வர்றோம், கிருமி எங்கேர்ந்து வரும்?"

டாக்டர் கேட்டிருந்தது சுத்தமான கை. மனசைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒருவழியாக ஐந்தாவது ஏறி முடிந்த அன்று டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "இன்னும் ஒண்ணு பாக்கி. அதுவும் தள்ளிப்போச்சுன்னா இதுவரைக்கும் ஏத்தினதெல்லாம் வீணாயிடலாம்."

அடுத்த திங்கட்கிழமை அழைப்புமணி அடித்தது. கணவர் முதுகு பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவளே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரற்கடை திறந்தாள். முன்னால் தலைவர், மூக்கில் கைக்குட்டை.

"ஜலதோஷமா அண்ணே?"

"லேசாத்தான். நம்பிக்கை இருந்தா இதெல்லாம் ஒரு பொருட்டாம்மா? சங்கிலியை எடு."

"நம்பிக்கை நிறையவே இருக்கு. வெள்ளையணுதான் இல்ல. அங்கேயே நின்னு கும்பிடுங்க. கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"தொட்டு வேண்டினாத்தான்மா பலன்."

"தொட்டே ஆகணுமா? அப்ப அதத் தொடுங்க." படிக்கட்டோரம் இருந்த இரண்டு வாளிகளைக் காட்டினாள். "மூணு நாளா வேர்வையில ஊறின போர்வை. இவருக்குக் குனிய முடியல. நீங்க ஏழு பேரு, பதினாலு கை. அரைமணி நேர வேலை."

ஒருத்திக்கு அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. ஒருவருக்குத் திடீரென்று முழங்கால் வலித்தது. தலைவர் பதிலுக்கு ஒரு தும்மல் போட்டார். ஏறும்போது மூச்சு வாங்கிய கூட்டம் இறங்கும்போது பறந்தது.

ஒருத்தி மட்டும் நின்றாள். பேக்கரியில் மாவு பிசைபவள். முழங்கைவரை அடுப்புச் சூட்டுத் தழும்பு. அழகாக வேண்டத் தெரியாது என்று குழுவில் அவளை வாய் திறக்கவே விட்டதில்லை.

"சோப்பு எங்கக்கா இருக்கு?"

"கடைசிப் படியில வச்சிருக்கு. உள்ள வந்துடாதே."

"நான் ஏன் வர்றேன்? மொட்டை மாடியில குழாய் இருக்குல்ல."

துவைத்து, உலர்த்தி, சாயங்காலம் மடித்து வாசலில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போய்விட்டாள். பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தாள்.

குழுவின் வாட்ஸப்பில் தலைவர் எழுதினார்: "நம் சகோதரியின் விசுவாசம் தளர்ந்துவிட்டது. மனம் திரும்ப வேண்டிக்கொள்வோம்." அடியில் இருபத்துமூன்று கும்பிடுகள். கட்டைவிரலால் ஒரு தட்டு, அதோடு புண்ணியம் முடிந்தது.

கணவர் கலங்கிப்போனார். "எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா..."

"பேசறவங்களா ரத்தம் குடுக்கப் போறாங்க? உங்களுக்கு அவங்க வேணுமா, நான் வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க, எனக்கு டைம் இல்ல."

வியாழக்கிழமை வந்தவர்களுக்கு அவர் கதவைத் திறக்கவில்லை. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி நாலு தடவை அடித்து ஓய்ந்தது.

ஆறாவது முறைக்கான நாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். அவளும் வேண்டத்தான் செய்தாள், தினமும், யாருக்கும் கேட்காமல். "முடியும்னா முடிச்சுக் குடு. முடியாதுன்னா சுத்தி வளைக்காம சொல்லிடு." அவ்வளவுதான். எட்டு நிமிடமெல்லாம் ஆகாது.

நர்ஸ் தாளோடு வந்தாள். "வெள்ளையணு போன தடவையைவிட நல்லாவே ஏறியிருக்குக்கா. இன்னிக்கே போட்டுடலாம்."

ஊசி இறங்கியது. சொட்டு விழ ஆரம்பித்தது. கணவரின் ஃபோன் அதிர்ந்தது. திரையில் தலைவரின் வாட்ஸப். ஆறாவதும் ஏறுகிற சேதி அதற்குள் எப்படியோ அவருக்குப் போயிருந்தது. வரும் கூட்டத்தில் அவள் மேடையேறித் தங்கள் வேண்டுதலின் பலனைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கணவர் திரையைக் கொஞ்சநேரம் பார்த்தார். அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"யாரு?" என்றாள்.

"யாருமில்ல. நீ தூங்கு."