பயமா கீக்குது

ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் லேத்தில் கடைசல் பிடிக்கிற டர்னராக வேலை பார்த்தேன். ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் என்னை டர்னர் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஏணியிலிருந்து விழுகிறவர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை சமூகக் கூடத்தில் கலைநிகழ்ச்சி நடக்கும். அதில் அரை மணி நேர நாடகம் ஒன்று எங்களுடையது. ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க இரண்டு பேர் வருகிறார்கள், வந்த வேலையைத் தவிர மற்றதெல்லாம் நடக்கிறது. கதை அவ்வளவுதான். மேஸ்திரியாக நடித்தவர் என் பிரிவிலேயே வேலை பார்த்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பட்டாபிராம்காரர். அவருடைய அப்பா அங்கே வயல் வேலை செய்தவர். அந்தக் குடும்பத்திலிருந்து தொழிற்சாலைக்குள் முதலில் போனவர் இவர்தான். மேடையிலும் வெளியிலும் நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். நான் அவருடைய கையாள் வேஷம்.

அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நான் கீறேன்ல. ஏறு" என்பார். நான் மேல் படிவரை ஏறி, கீழே எட்டிப் பார்த்து, "அதாண்ணே பயமா கீது" என்று சொல்ல வேண்டும். உடனே அவர் "அப்ப எறங்கு" என்று ஏணியை விட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டுவார். நான் சுவர் போல நிறுத்தியிருந்த தட்டிக்குப் பின்னால் மெத்தையில் விழுவேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா, "இன்னாய்யா அங்க சத்தம்?" என்பாள். அண்ணன் கொஞ்சமும் அசராமல், "வாளி வுழுந்திச்சும்மா" என்பார். அரை மணி நேரத்தில் ஐந்து முறை இது நடக்கும். ஐந்து முறையும் அவர் ஏணியை விடுவதற்கு வேறு வேறு காரணம் இருக்கும். ஆறாவது முறை அவரே ஏறுவார், நான் பிடிப்பேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் விழுவதற்காகக் காத்திருக்கும். அவர் விழ மாட்டார். பத்திரமாக இறங்கி, மார்பைத் தட்டிக்கொண்டு, காலை வாளிக்குள் வைப்பார்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 'கீது' என் வாயில் நுழையவில்லை. ஒத்திகையில் 'இருக்கு' என்றே வந்துகொண்டிருந்தது. அண்ணன் பதினைந்து நாள் திருத்தினார். முதல் தடவை மேடையேறியபோது இரண்டும் கலந்து, "அதாண்ணே பயமா கீக்குது" என்று வாயிலிருந்து விழுந்தது. தவறு செய்துவிட்டேன் என்று நான் அவரைப் பார்த்தேன். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அண்ணன் ஏணியை விடாமல் அப்படியே நின்று, சிரிப்பு அடங்கியபின் "அப்ப எறங்கு" என்றார். அன்றோடு அது கீக்குது ஆகிவிட்டது. சரியான சொல்லை அதற்குப் பிறகு அவர் என்னைச் சொல்லவே விடவில்லை.

சிரிக்க வைப்பதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். மேலே போய் எட்டிப் பார்த்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் நான் வாயைத் திறக்க வேண்டும். எண்ணாமல் சொன்னால் சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடும். மூன்றுவரை எண்ணினால் ஒன்றுமே வராது. விழும்போது முகத்தில் வலி தெரியக் கூடாது, ஆச்சரியம்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதுதான் முதல் தடவை என்பதுபோல அவரை நம்பி ஏற வேண்டும். நம்பாமல் ஏறுகிறவன் விழுந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பார்.

பதினோரு வருடம் அந்த நாடகம் போட்டோம். வசனம் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் யாராவது பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், "நான் கீறேன்ல" என்று பதில் வரும். காலை ரயிலில் படியில் தொங்குகிறவனிடம் உள்ளேயிருந்து நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். பட்டறையில் கிரேனில் பாரம் தூக்கும்போதெல்லாம் எவனாவது சொல்லி, கீழே நிற்கிறவர்கள் சிரித்துக் கவனம் சிதறுகிறது என்று, பாதுகாப்பு அதிகாரி அந்த வசனத்தை கிரேன் பக்கத்தில் யாரும் சொல்லக் கூடாது என்று வாய்மொழியாகத் தடை போட்டார். அவர் அந்தத் தடையை அறிவித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் அதற்கும் அதையே சொன்னார்.

எனக்கு இதில் பெருமையும் இருந்தது, அலுப்பும் இருந்தது. அண்ணனைப் பார்த்தால் ஜனங்கள் கை கொடுப்பார்கள். என்னைப் பார்த்தால் ஏற இடம் காட்டுவார்கள்.

என் மகளின் நிச்சயதார்த்தம் திருவேற்காட்டில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேலூர் பக்கம். எங்கள் நாடகத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தட்டு மாற்றி முடிந்ததும் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைப் பற்றி நான் கவலையே பட வேண்டாம், தான் இருக்கிறேன் என்று சொன்னார். நல்ல மனிதர், மனதாரச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் கீறேன்ல" என்றார்.

நான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு எண்ணிவிட்டு, "அதாண்ணே பயமா கீக்குது" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்து வரிசைகள் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தன. சம்பந்தி கையை விடுவித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, எங்களைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று என் மனைவியிடம் கேட்டார். மனைவி ஏணி, வாளி, ஆயுத பூஜை என்று விளக்கத் தொடங்கினாள். நகைச்சுவையை விளக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. என் மகள் தலை குனிந்தவள் சாப்பாடு முடியும்வரை நிமிரவில்லை.

கல்யாணம் நின்றுவிடவில்லை. குறித்த நாளில் நடந்தது. ஆனால் அன்று மண்டப வாசலில் வைத்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"விழறதெல்லாம் மேடையோட போகட்டும்ணே. இனிமே என் முன்னால அந்த வசனத்தைச் சொல்லாதீங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை. அந்த வருடம் நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று, பட்டாபிராமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். கடைவீதியில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வோம். மூன்று வருடம் அப்படியே போயிற்று. என் கோபத்தில் பாதி என் வாயின் மேல் என்று எனக்கே தெரியும். ஆனால் நம் வாயோடு பேசாமல் இருக்க முடியாது. அவரோடு பேசாமல் இருக்க முடிந்தது.

அவருக்குப் பக்கவாதம் வந்தது எனக்கு இரண்டாம் நாளே தெரியும். மருத்துவமனைக்கு மனைவிதான் போய்வந்தாள். நான் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். அவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனபின் அவருடைய மனைவியே போன் செய்தார்.

"உங்க அண்ணனுக்கு வலது கை வரல, பேச்சும் வரல. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிகினு கீறாரு. அது இன்னான்னு உங்களுக்கே தெரியும். வந்து பாருங்க."

போனேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி முகம் தொய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு துடித்தது. எவ்வளவோ முயன்று, தெளிவாக, "நான் கீறேன்ல" என்றார்.

அண்ணி எனக்கு விவரம் சொன்னார். தண்ணீர் கேட்டாலும் அதுதான், வலி என்றாலும் அதுதான், பேரனைக் கூப்பிட்டாலும் அதுதான். பார்க்க வருகிறவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இவர் அதைச் சொல்வார். மனிதருக்கு இந்த நிலையிலும் குசும்பு போகவில்லை என்று சிரிப்பார்கள். இவர் தலையை ஆட்டி ஆட்டி இல்லை என்பார். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். போன வாரம் ஒருவர் மேல் டம்ளரை எறிந்துவிட்டாராம். அதற்குப் பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். அவர் மறுபடியும் அதையே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறுதல் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் மேடையில் பார்த்த கண் அது, என் வசனத்துக்காகக் காத்திருக்கும்போதுதான் அப்படிப் பார்க்கும். இரண்டு எண்ணிவிட்டுச் சொன்னேன்.

"அதாண்ணே பயமா கீக்குது."

"அப்ப எறங்கு" என்றார்.

அவரே திடுக்கிட்டுப் போனார். இடது கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த வசனம் என்னுடையதல்ல, அவருடையதும் அல்ல. சமையலறை வாசலில் அண்ணி வந்து நின்றிருந்தார். பதினோரு வருடமும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்.

"இன்னாய்யா அங்க சத்தம்?" என்றார்.

"வாளி வுழுந்திச்சும்மா."

உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் போகவில்லை.

பூந்தமல்லியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் மறுநாள் இதைச் சொன்னோம். யோசித்துப் பேசுவது ஒரு வழி, பழகிப் பழகித் தானாக வருவது வேறு வழி, அவருக்கு முதல் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று அந்தப் பெண் எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நாடக நோட்டு இருந்தால் கொண்டுவரச் சொன்னார். என் வீட்டுப் பரணில் இருந்தது. அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் நான் பட்டாபிராம் போனேன். என் வசனத்தை நான் படிப்பேன், வீட்டுக்காரம்மா வசனத்தை அண்ணி சொல்வார், தன்னுடையதை அவர் சொல்வார். முதலில் வரிசையாகப் போனால்தான் வரும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வசனமாகப் பிய்த்து எடுக்கப் பழகினோம்.

அவருக்கு முதலில் கிடைத்த சொற்களெல்லாம் சுண்ணாம்புக்காரனுடையவைதான். தாகம் எடுத்தால், "தண்ணி கலக்கு" என்பார். சாம்பாரில் உப்பு குறைந்தால், "சுண்ணாம்பு பத்தல". மின்விசிறியைப் போடச் சொல்ல, "மேல பாரு". அண்ணியை 'ஊட்டுக்காரம்மா' என்று கூப்பிட்டார். நாடகத்தில் அது வீட்டின் சொந்தக்காரி. இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மற்றவர்கள் சிரித்தால் இப்போது அவருக்குக் கோபம் வரவில்லை. கேட்டது கிடைக்கிறது, அதனால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்.

அந்த நாட்களில்தான் என் மகள் ஒரு வாரம் வந்து தங்கினாள். நான் பட்டாபிராம் போய்வருவதைச் சொன்னேன். நிச்சயதார்த்தத்தில் நடந்ததைப் பற்றி நானும் அவளும் அதுவரை பேசியதே இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ தொடங்கினேன். அவளுக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும் சொன்னாள்.

"அப்பா, எங்க வீட்ல அது தினம் நடக்குது. மாமா ஸ்கூட்டர் எடுத்தா அத்தை பின்னால ஏறும்போது ரெண்டு பேரும் சொல்லிப்பாங்க. அத்தைக்கு அந்தக் கீக்குது சொல்லாம வண்டியில ஏறவே முடியாது."

கல்யாணமான இரண்டாம் மாதமே தொடங்கிவிட்டதாம். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள்.

அந்த சனிக்கிழமை நோட்டைப் பிரிக்கவில்லை. ஸ்கூட்டர் கதையை முழுக்கச் சொன்னேன். பிறகு, மண்டப வாசலில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மருத்துவமனைக்கும் வராமல் இருந்திருக்கக் கூடாது என்று சொன்னேன். எழுதிவைத்துப் படித்த மாதிரி இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்கு என்னென்னவோ சொல்ல விரும்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. கையில் இருந்தது பத்துப் பதினைந்து சொற்கள். அவற்றில் தேடித் தேடி, கடைசியில் இடது கையை நீட்டி என் தோளை அழுத்தி, "எறங்கு, எறங்கு" என்றார். போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கை இன்னும் சரியாக எழவில்லை. சில சொற்கள் வரவே போவதில்லை என்று பூந்தமல்லிப் பெண் சொல்லிவிட்டார். ஊர்களின் பெயர் ஒன்றும் வராது. எண்களில் ஐந்துக்கு மேல் குழம்பும். ஆனால் போன மழைக்காலத்தில் ஒருநாள், நான் பேச்சு மும்முரத்தில் டம்ளரைத் தொடாமல் வைத்திருந்தபோது, "டீ ஆறிப்போது, குடி" என்றார். நாங்கள் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினோம். நாடகத்தில் டீயே கிடையாது. அண்ணி அந்த வாக்கியத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தார். இப்போது அந்தப் பக்கம் நிறைந்து, அட்டையின் உட்புறத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் கிளம்பும்போது அவர் கைத்தடியோடு ரயில் நிலையம்வரை கூட வருகிறார். வழியில் பார்ப்பதையெல்லாம் பெயர் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. கொய்யாப்பழ வண்டியும் ஆட்டோவும் சுலபமாக வந்துவிடுகின்றன. டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் சொல் அகப்படவில்லை. நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. அதன் முன்னால் நின்று அவர் தேடிக்கொண்டிருப்பார், நானும் நிற்பேன். சில நாள் அதற்குள் ரயில் போய்விடும். அடுத்ததில் ஏறிக்கொள்கிறேன்.